எட்மண்ட் விழுங்கிய வார்த்தை

அண்ணனூர்
12.2.1996

எட்மண்டுக்கு,

மெட்ராஸ் ஜனம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய வருடம் அது. ஜூன் மாதம் வெள்ளைக்காரன் ஊரில் கிரிக்கெட் கோப்பையை ஜெயித்துவிட்டார்கள் என்று அம்பத்தூரில் பட்டாசு வெடித்தார்கள். ஜூலை கடைசியில் கொழும்பில் நம் ஜனத்தை உயிரோடு கொளுத்துகிறார்கள் என்று ஊரெல்லாம் கடையடைப்பு. அதற்கு அடுத்த மாதம் நம் ஃபவுண்டரி கேட்டில் என் தம்பி கன்னியப்பன் மண்டை பிளந்து செத்தான். அது எண்பத்து மூன்று என்று ஞானகுமாரி டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். எனக்கு நம்பர் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

துலுக்கானம் சொல்லி எழுதுவது. எழுதுகிறவன் ஆவடியில் மனு எழுதும் சுலைமான். நான் எப்படிச் சொன்னாலும் அவன் புத்தகத் தமிழில்தான் எழுதுவான். கெட்ட வார்த்தை எழுத மாட்டேன் என்கிறான். அது வரும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். புள்ளி உள்ள இடத்தையெல்லாம் நீயே நிரப்பிக்கொள். பதினாறு வருடம் உன்னை சார் என்று கூப்பிட்டேன். இனிமேல் வாயில் வராது.

நம் ஃபவுண்டரியில் நோட்டீஸ் இங்கிலீஷில்தான் வரும். ஒட்டி வைத்தால் அது வெறும் காகிதம், நீ படித்தால்தான் நோட்டீஸ். கேட்டுப் பக்கம் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு நீ மேலே ஏறுவாய். முதலில் இங்கிலீஷில் முழுசாகப் படிப்பாய், பிறகு தமிழில் சொல்வாய். தமிழ் முடியாமல் ஒருத்தன் நகர மாட்டான். யூனியன்காரன் சொன்னாலும் சரி, மேனேஜர் சொன்னாலும் சரி, டைம் ஆபீஸ் எட்மண்ட் சார் படிக்கட்டும் என்போம். உன்னை அப்படி நம்பினோம் ..........

ஸ்ட்ரைக் ஆரம்பித்து இருபத்திரண்டாவது நாள், செவ்வாய்க்கிழமை. சோற்று நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீ டிரம்மில் ஏறினாய். வெள்ளைச் சட்டை, இடது புருவத்தில் பிளாஸ்திரி. படித்தாய்: "ஆல் பர்சன்ஸ் அசெம்பிள்ட் அட் தி கேட் ஷல் டிஸ்பர்ஸ் ஃபோர்த்வித், ஃபெயிலிங் விச் நெசசரி ஃபோர்ஸ் வில் பீ யூஸ்ட்." ஒரு எழுத்து விடவில்லை பார். எழுதி வைக்கத் தெரியாதவன் காதில்தான் வைத்துக்கொள்வான். பிறகு தமிழில் சொன்னாய்: "கேட்டில் கூடியிருப்பவர்கள் கலைந்து போக வேண்டும். போகாவிட்டால் பலம் பிரயோகிக்கப்படும்."

போக வேண்டும்தானே, சாயங்காலம் பேசிக்கொள்வோம் என்று உட்கார்ந்தோம். கன்னியப்பன் பெண்டாட்டி நாகவல்லி தவலையில் கூழ் கொண்டுவந்து ஊற்றினாள். கேட்டுக்கு உள்ளே நின்று செக்யூரிட்டி ஆபீசர் குணசேகரன் போங்கடா போங்கடா என்று கத்திக்கொண்டிருந்தான். "சார் படிச்சாச்சு, நீ மூடு" என்றோம். சிரித்தோம். அரை மணி ஆகவில்லை, கான்ட்ராக்டர் கஜபதியின் வேன் வந்தது. இருபது பேர். இரும்பு பைப். கன்னியப்பன் கையில் கூழ்ச் சொம்பு இருந்தது. முதல் அடிக்குச் சொம்பு பறந்தது. இரண்டாவது அடிக்குக் காது கிழிந்தது. மூன்றாவது அடிச் சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம். என் மடியில்தான் விழுந்தான். கூழும் ரத்தமும் மூளையும் என் வேட்டியில் ஒன்றாகக் கிடந்தது. மூன்றையும் கையால் வழித்துப் போட்டேன்.

ஆள் வைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் அடித்தான் குணசேகரன் என்று மூன்று வாரம் கழித்து அவனைக் கொன்றேன். பத்து வருடம் வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தேன். இது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இது. போன மாதம் எங்கள் புறம்போக்குக் குடிசைகளில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிர் வரிசை ஞானகுமாரி டீச்சர் படித்தார். நடுவில் ஒரு வார்த்தை வந்தது. ஃபோர்த்வித். அதுக்கு இன்னாம்மா அர்த்தம் என்றேன். "இப்பவே, இந்த நிமிஷமே, தாமசம் பண்ணாம" என்றார். பதின்மூன்று வருடமாக என் காதில் கிடந்ததை முழுசாக ஒப்பித்தேன். ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னார். நீ தமிழில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். அது ஒன்றைத் தவிர.

அர்த்தம் தெரியாமல் விட்டாயா, தெரிந்து விட்டாயா? குணசேகரன் சாகும்போது ஒன்று சொன்னான். உன் பதில் வந்த பிறகு அதைச் சொல்கிறேன். பதில் வராவிட்டால் நான் வருவேன்.

துலுக்கானம் (இடது கைப் பெருவிரல்)


ஓசூர்
27.2.1996

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மனைவி செலின் பார்க்கும் முன் நானே தபால்காரரிடம் வாங்கிவிட்டேன். அதில் உள்ள மிரட்டலை நான் பொருட்படுத்தவில்லை. எனக்கு வயது அறுபத்தொன்று, மூச்சிரைப்பு இருக்கிறது.

தாங்கள் கேட்ட சொல்லைப் பற்றி விளக்குவது என் கடமை. அது பேச்சில் வராத சொல். எந்த வெள்ளைக்காரனும் தன் பிள்ளையை 'ஃபோர்த்வித் சாப்பிட வா' என்று கூப்பிட மாட்டான். ஆணை, நோட்டீஸ், கோர்ட்டுக் காகிதம், இவற்றில் மட்டும் அது குடியிருக்கும். 'உடனே' என்பதுதான் பொருள், டீச்சர் சொன்னது சரி. ஆனால் பொருள் ஒன்று, புழக்கம் ஒன்று. முப்பது வருடம் தட்டச்சு செய்தவன் சொல்கிறேன். லேட்டாக வந்தவனுக்கு 'ஃபோர்த்வித் விளக்கம் தரவும்' என்று அடிப்பேன். அவன் பத்து நாள் கழித்துத் தருவான், வாங்கி ஃபைலில் வைப்போம். வக்கீல்கள்கூட 'அந்தச் சூழ்நிலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்' என்றுதான் அதை எடுத்துக்கொள்வார்கள். காகிதத்துக்குக் கொஞ்சம் கடுமை வர வேண்டும் என்று போடுவது, கடித முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்று போடுகிற மாதிரி.

மேலும், கலைந்து போக வேண்டும் என்று நான் தமிழில் சொன்னது தங்களுக்கே நினைவிருக்கிறது. போயிருக்கலாமே? தங்கள் தம்பியின் மண்டையை உடைத்தது கஜபதி ஆட்களின் பைப். ஒரு சொல் அல்ல. கஜபதியும் இப்போது உயிரோடு இல்லை.

இத்துடன் இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

தங்கள்
எட்மண்ட்


அண்ணனூர்
10.3.1996

எட்மண்டுக்கு,

உன் கடிதத்தை சுலைமான் மூன்று தடவை படித்தான். மூன்றாவது தடவை அவனே ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு வார்த்தை எங்கே குடியிருக்கிறது, எங்கே புழங்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். தெரிந்து விட்டாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

இப்போது குணசேகரன் கதையைக் கேள். கோர்ட்டில்கூட இவ்வளவு சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு ஏழரை இருக்கும். திருமுல்லைவாயிலில் அவன் வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் சாக்கில் சுற்றிய சம்மட்டியோடு போனேன். பெண்டாட்டி சுசீலா குழாயடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடவில்லை. பட்டாளத்தில் இருந்தவன் இல்லையா. "சொல்லாம ஏண்டா அடிச்சே?" என்றேன். "சொல்லிட்டுத்தான்டா அடிச்சேன், உடனே கலையணும்னு எழுதிக் குடுத்தேன், உங்க ஆளுதானே படிச்சுக் காட்டினான்" என்றான். பொய் சொல்கிறான் என்று முட்டியில் போட்டேன். முட்டி உள்பக்கமாக மடிந்தது. விழுந்தவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து அதையே மறுபடியும் சொன்னான். "எட்மண்டைக் கேளு" என்றான். தோளில் போட்டேன். "எட்மண்டைக் கேளுடா" என்றான். அந்த வாயிலேயே போட்டேன். அதற்குப் பிறகும் அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசி அடி எங்கே விழுந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். சுசீலா குடத்தோடு நின்று பார்த்தது. குடத்தைக் கீழே போடவில்லை, அதை இடுப்பிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது.

கோர்ட்டில் அந்தம்மா சொன்னது: "எங்க ஊட்டுக்காரரு சொல்லிட்டுத்தான் செஞ்சாரு." வெளியே வந்தபோது நம் ஆட்கள் அது முகத்தில் காறித் துப்பினார்கள். நான் போலீஸ் வேனில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

உன்னைக் கேட்கச் சொன்னான். மூன்று தடவை சொன்னான். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உண்மை சொன்னவன் வாயை உடைத்துவிட்டு, பொய் சொன்னவனுக்கு ஜெயிலில் இருந்து பொங்கல் வாழ்த்து போடச் சொன்னவன் நான்.

உங்கள் ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிறு. பூந்தமல்லியில் பெங்களூர் பஸ் ஏறினால் ஓசூரில் இறங்கிவிடலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

துலுக்கானம் (பெருவிரல்)


ஓசூர்
25.3.1996

துலுக்கானம் அண்ணாத்தே,

பழையபடி கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

தெரிந்துதான் விட்டேன்.

அந்த நோட்டீசைத் தட்டியது நான்தான். காலை பத்து மணிக்கு குணசேகரன் டைம் ஆபீசுக்கு வந்தார். "கஜபதி ஆளுங்களை மேனேஜர் கூப்பிட்டுட்டாரு. ஒரு மணிக்குள்ள வண்டி வந்துரும். அதுக்குள்ள எல்லாரும் போயிரணும். உடனே கலையணும்னு போடு எட்மண்ட், நல்லா உறைக்கிற மாதிரி போடு" என்றார். அதற்கு அவர் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை 'அட் ஒன்ஸ்'. அது சாதாரணமாக இருக்கிறது என்று நான்தான் 'ஃபோர்த்வித்' என்று மாற்றினேன். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். மெஷினில் அதை அடிக்கும்போதே ஒரு கெத்து வரும். அவர் படித்துப் பார்த்து, இதுவும் அதுதானே என்று கேட்டார். அதைவிடக் கடுமை சார் என்றேன்.

உங்களுக்கு என் புருவத்தில் இருந்த பிளாஸ்திரி நினைவிருக்கிறது. அது ஏன் வந்தது என்று மறந்துவிட்டீர்களா, அல்லது எழுதவில்லையா? அதற்கு முந்தின புதன்கிழமை, 'உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும்' என்று படித்தேன். உடனே என்ற சொல் வாயைவிட்டு வந்ததும் முன்வரிசையில் இருந்து ஒரு கல் வந்தது. எறிந்தவன் கன்னியப்பன். எலும்பு தெரிந்தது, ஐந்து தையல். கண் தப்பியது மாதா புண்ணியம். அன்று செவ்வாய்க்கிழமை டிரம் மேல் ஏறியதும் முதலில் அவனைத்தான் பார்த்தேன். கையில் கருங்கல் ஜல்லி, உருட்டிக்கொண்டே இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "இன்னா சார், இன்னிக்கும் உடனேவா?" என்றான்.

இங்கிலீஷில் படித்துவிட்டேன். அது யாருக்கும் புரியாது. தமிழில் அந்த இடம் வந்தபோது விழுங்கிவிட்டேன். அவன் ஜல்லியைக் கீழே போட்டான். இறங்கினேன். குணசேகரன் சார் கத்துவதைக் கேட்டு எப்படியும் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அங்கிருந்தே எல்லாச் சத்தமும் கேட்டேன்.

அன்று சாயங்காலம் அவர் என் சட்டையைப் பிடித்து, "உடனேன்னு சொன்னியா இல்லியா?" என்று கேட்டார். சொன்னேன் சார் என்றேன். அதை நம்பித்தான் உங்களிடம் அப்படிச் சொல்லிச் செத்திருக்கிறார். அவர் செத்த வாரமே வேலையை விட்டு இங்கே வந்துவிட்டேன். உங்கள் பொங்கல் வாழ்த்துகளைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன ஞாயிறு செலினை அவள் தங்கை ஜெயசீலி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்காது.

எட்மண்ட்


ஓசூர்
2.5.1996

அண்ணாத்தே,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சுலைமான் பாய் பொறுத்துப் படிக்கட்டும்.

வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டைவிரல் சரியாகலாம். அம்மிக்குழவி கை தவறி விழுந்தது என்று செலினிடம் சொன்னேன். நான்கு தடவை எப்படி விழும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்தார், அவரிடமும் அதையே சொன்னேன்.

எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம். நீங்கள் சாக்குப்பையோடு உள்ளே வந்தபோது அதில் சம்மட்டி இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. நடந்ததையெல்லாம் எழுதச் சொன்னீர்கள், எழுதினேன். வாசிக்கச் சொன்னீர்கள், வாசித்தேன். விழுங்கின இடத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடச் சொன்னீர்கள், மூடினேன். அதற்குப் பிறகுதான் கையை அம்மி மேல் வைக்கச் சொன்னீர்கள். நானாகத்தான் வைத்தேன். முதல் அடியில் நான் கத்தினேன். அதற்கப்புறம் நீங்கள்தான் கத்தினீர்கள்.

அந்தக் காகிதத்தை சுசீலா அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்களா? என்ன சொன்னார்கள்? அது மட்டும் தெரிந்தால் போதும்.

எட்மண்ட்


ஆஸ்பத்திரியில் இருந்து
9.6.1996

எட்மண்டுக்கு,

கொடுத்தேன். திருமுல்லைவாயிலில் அதே வீடு. ஞானகுமாரி டீச்சரைக் கூட்டிப் போனேன், அவர்தான் வாசித்தார். சுசீலா என்னை உள்ளே விடவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. முடிகிற வரை கேட்டது. பிறகு காகிதத்தை வாங்கி என் சட்டைப் பையிலேயே திணித்தது. "இது எனக்கு இன்னாத்துக்கு? அவரு சொன்னாருன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க கைல போய்ச் சொல்லு. அவரு நின்னு கத்தின எடத்துலயே நின்னு சொல்லு."

போனேன். நம் ஃபவுண்டரி இப்போது அட்டைப்பெட்டி கம்பெனி. கேட் மட்டும் பழசுதான். சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரம் டிரம் ஒன்றைக் கவிழ்த்து மேலே ஏறினேன். எனக்குத் தெரிந்த வழக்கம் அதுதான். முதலில் இங்கிலீஷில் முழுசாகச் சொன்னேன். புதுப் பையன்கள் நின்று சிரித்தார்கள், பெருசு எலெக்‌ஷன் முடிஞ்சு போச்சு, இறங்கு என்றார்கள். பிறகு தமிழில் சொன்னேன். கேட்டில் கூடியிருப்பவர்கள் உடனே, இந்த நிமிஷமே கலைந்து போக வேண்டும் என்று அன்றைக்குக் குணசேகரன் எழுதிக் கொடுத்தான், போங்கடா என்று கத்தினான், நாம் போகவில்லை, அவன் சொல்லிவிட்டுத்தான் செய்தான், நான் அவனை அநியாயமாகக் கொன்றேன்.

நாகவல்லி அந்தக் கேட்டுக்கு எதிரில்தான் போண்டாக் கடை வைத்திருக்கிறது. எனக்குத் தெரியும். அது கேட்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்துக்குப் போனேன். முதலில் அதன் வீட்டில் போய் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

அடுப்புப் பக்கத்தில் இருந்து எழுந்து வந்தது. "இன்னா மாமா சொல்றே? உடனே போன்னு சொல்லியும் குந்திகினு இருந்தாரா?" என்றது. நான் பதில் சொல்வதற்குள், "அப்ப நான் கொண்டாந்த கூழுதான் அவரைக் குந்த வெச்சுதா?" என்று கேட்டது. இல்லம்மா, எட்மண்ட் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டான் என்று சொல்ல வாய் திறந்தேன். கரண்டியோடு திரும்பிப் போனது. வாணலியின் இரண்டு காதையும் முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தது. கொதிக்கிற எண்ணெய், கழுத்தில் இருந்து தொப்புள் வரை. மாவு வேகிற மாதிரி என் தோல் வெந்த வாசனையை நானே மோந்தேன். அதன் கையும் வெந்துவிட்டது. என் மேல் விழுந்து விழுந்து அடித்தது, வெந்த கையாலேயே அடித்தது.

கால் தடுக்கி நான்தான் வாணலி மேல் விழுந்தேன் என்று போலீசில் சொன்னேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம். புண் சீழ் வைத்துவிட்டது. பெரிய டாக்டர் நர்சிடம் இங்கிலீஷில் பேசினார், எனக்குப் புரியாது என்ற தைரியம். அதை அப்படியே சுலைமானிடம் ஒப்பித்தேன். அவன் அர்த்தம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். உன் மாதிரியே.

நாகவல்லி சாப்பிடுவதில்லையாம். கூழ் தவலையைத் தூக்கி ரோட்டில் போட்டு, அதன் மேல் கல்லைத் தூக்கிப் போட்டு நசுக்கியிருக்கிறது. டீச்சர் போய் உன் காகிதத்தைப் படித்துக் காட்டினார். அது நம்பவில்லை. சுலைமானும் போனான். "இவங்க படிச்சா ஆச்சா? எட்மண்ட் சார் வந்து படிக்கட்டும்" என்கிறது. பதின்மூன்று வருடம் ஆகியும் அந்த வழக்கம் அதற்குப் போகவில்லை. நீ வந்து அது முன்னால் நிற்க வேண்டும். கூழ் இல்லம்மா, நான்தான் என்று சொல்ல வேண்டும். அது எண்ணெய் ஊற்றினாலும் நின்று சொல்ல வேண்டும். என்றைக்கு வர வேண்டும் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை, அதற்கு உன்னிடமே நல்ல வார்த்தை இருக்கிறது.

படுத்தபடி ஒவ்வொருத்தனாக எண்ணிப் பார்த்தேன். நோட்டீசை எழுதச் சொன்ன குணசேகரனை நான் கொன்றேன். அடிக்க ஆள் கூப்பிட்ட மேனேஜர் நெஞ்சு வலியில் போனார். ஆள் கொண்டுவந்த கஜபதி பாடி ரோட்டில் லாரிக்கு அடியில் போனான். அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்த கன்னியப்பன் என் மடியில் போனான். என்னை நீ கணக்கில் சேர்க்காதே, இது உன் கைக்கு வருவதற்குள் நானும் இருக்க மாட்டேன். அந்த வார்த்தை யார் வாய்க்குள் போனது என்று தெரிந்து, அதை நாகவல்லி நம்புகிற மாதிரி சொல்லக்கூடிய ஆட்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தன். டைம் ஆபீஸ் எட்மண்ட்.